ஞாயிறு, சாப்பாட்டுக்கு முன்: 14.2

1

ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது. அதை எழுத முடியாமல்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வீட்டைப் பெருக்க வேண்டிய நாளில் சிலர் அலமாரியைக் கலைத்துப் போட்டு அடுக்க ஆரம்பிப்பார்கள். நான் அந்த ரகம்.

அந்த ஒரு வரி போக வேண்டிய இடம், பச்சை அட்டை போட்ட ஒரு பள்ளிக்கூட நோட்டு. அட்டையில் குழந்தைக் கையெழுத்தில் 'லோசலினே - சர்க்கரை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூவும் வரைந்திருக்கிறது. உள்ளே நான்கு கட்டங்கள்: தேதி, சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின், குறிப்பு. முதல் மூன்றும் லோசலினேயுடையவை. நான்காவது என்னுடையது. நான் இந்த டோங்கா தீவின் மேற்குக் கரையில் உள்ள கிராமத்துச் சுகாதார நிலையத்தில் இருபத்து மூன்று வருடமாக நர்ஸ். பெயர் வேதா.

நோட்டு என் கைக்கு வந்தது திங்கட்கிழமை. திரும்பிப் போக வேண்டியது சனிக்கிழமை மூன்று மணிக்கு. இன்று செவ்வாய். ஒரு வரிக்கு ஐந்து நாள் என்பது தாராளம் என்றுதான் நினைத்தேன்.

[இதை எழுதி முடித்தபோது எனக்கு 8.1.* ஆமாம், எனக்கும் உண்டு. நர்ஸுக்கு வராது என்று யார் சொன்னது.]

* இங்கே சர்க்கரைக் கணக்குச் சின்னது. பதினெட்டால் பெருக்கினால் நம் ஊர்க் கணக்கு வரும். ஏழு என்றால் நூற்று இருபத்தாறு, நிம்மதியாகத் தூங்கலாம். பதினான்கு என்றால் இருநூற்று ஐம்பதைத் தாண்டிவிட்டது, தூக்கம் போய்விடும்.

2

முதல் தொடக்கம்:

'லோசலினேயின் விரல் நுனியில் அந்தச் சொட்டு இரத்தம் விடியற்காலைச் சூரியனைப் போல'

நிறுத்திவிட்டேன். இரத்தம் இரத்தத்தைப் போலத்தான் இருக்கும். அதுவும் இவள் பள்ளிச் சீருடை தைத்துப் பிழைப்பவள். ஊசி பட்டுப் பட்டு விரல் காய்த்துப் போயிருக்கிறது. குத்தினாலும் சட்டென்று வராது, பிதுக்க வேண்டும். சூரியனை யாரும் பிதுக்குவதில்லை.

இரண்டாம் தொடக்கம்:

'மன அழுத்தத்துக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பு குறித்து'

இது எங்கள் நிலையத்துச் சுவரில் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. அதன் கீழே உட்கார்ந்துதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூன்றாம் தொடக்கம் ஒரு மஞ்சள் கவுன். அதுதான் சரி என்று படுகிறது.

3

லோசலினே அந்தக் கவுனை இரண்டு நாளில் தைத்தாள். நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து நாத்தனார் வருகிறாள். பன்னிரண்டு வருடம் கழித்து, மூன்று மாதம் தங்குவதற்கு, செத்துப்போன தாயின் வீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு. பெயர் ஃபதாய். கணவன் கிடியோனேயின் அக்கா. எட்டு வயது மகள் எலெனோவாவுக்கு அத்தை.

(இங்கே ஒரு வார்த்தை. நம் ஊரில் குழந்தைக்குத் தாய்மாமன் எப்படியோ, இங்கே அத்தை அப்படி. அதைவிட நாலு மடங்கு. சபையில் அத்தைக்குத்தான் முதல் பாய். அவள் கேட்டதை இல்லையென்று சொல்லும் வழக்கம் கிடையாது. அக்காவும் தம்பியும் வளர்ந்த பிறகு ஒரே அறையில் உட்கார்ந்து பேசும் வழக்கமும் கிடையாது; மரியாதை. இவ்வளவு தெரிந்தால் போதும்.)

முதல் ஞாயிறு. கோயில் ஆராதனை முடிந்து ஃபதாய் சாப்பிட வந்தாள். கிடியோனே குழியடுப்பைத் திறந்து, சேப்பங்கிழங்கு இலைப் பொதிகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, தன் தட்டோடு பின்பக்கத்துச் சமையல் கொட்டகைக்குப் போய்விட்டான். பெரிய பாயில் லோசலினேயும் ஃபதாயும். நடுவில் மஞ்சள் கவுனில் எலெனோவா, ஈ விரட்ட விசிறியோடு.

"யார் தைச்சது இது?" ஃபதாய் கவுனின் விளிம்பைப் புரட்டிப் பார்த்தாள். "கடையில கூட இப்படி வராது. அழகா இருக்கு லோசா."

அத்தை ஒரு பொருளை அழகு என்றால் அது அத்தைக்கு. வேறு பதில் இங்கே யார் வாயிலும் வராது.

"எடுத்துக்கங்க அண்ணி. உங்களுதுதான்," என்றாள் லோசலினே.

"உள்ள இருக்கிற புள்ளை இல்லாம வெறும் கவுனை வச்சு நான் என்ன பண்ண?"

எல்லோரும் சிரித்தார்கள். எலெனோவாவும் சிரித்தாள். கொட்டகையில் கிடியோனே சிரித்தது கூடக் கேட்டது. லோசலினேயும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு சம்மதம் ஆகிவிட்டது.

இரண்டாம் ஞாயிறு ஃபதாய் ஆக்லாந்தில் தன் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னாள். மூன்றாம் ஞாயிறு, மாடி அறைக்கு அடிக்கப் போகும் வர்ணம். தன் பிள்ளைகள் கல்யாணமாகிப் போய்விட்டதையும், சாயங்காலம் ஆனால் தொலைக்காட்சியோடு பேசிக்கொண்டிருப்பதையும் சொன்னாள். எதையும் கேட்கவில்லை. கேட்டு முடிந்துவிட்டது அல்லவா.

லோசலினே ஒவ்வொரு முறையும் தலையாட்டினாள். இரண்டு மகன்களை ஆஸ்திரேலியத் தோட்டங்களில் பழம் பறிக்க அனுப்பிவிட்டு மிஞ்சியிருக்கிற ஒற்றைப் பிள்ளையைப் பற்றிய பேச்சு அது. தலை ஆடியது, பரிமாறிய கை கிழங்கைப் பாயில் வைத்தது, வாய் இன்னும் கொஞ்சம் கிழங்கு வைக்கட்டுமா அண்ணி என்று கேட்டது.

(நான் அங்கே இல்லை. லோசலினே சொன்னதை எழுதியிருக்கிறேன். பாயில் வைத்த கிழங்கு அவள் சொன்னது. விசிறி என்னுடையது.)

4

இப்போது என் தப்பு.

லோசலினேக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடம். ஒழுங்கானவள். ஃபதாய்க்கும் இதே நோய்தான், பதினான்கு வருடமாக; அவள் வரும்போது ஒரு பெட்டி நிறையச் சோதனைப் பட்டைகள் கொண்டுவந்து பாதியை லோசலினேயிடம் கொடுத்தாள். எங்கள் நிலையத்தில் அவை தீர்ந்து இரண்டு மாதமாகியிருந்தது. ஆகவே லோசலினேயால் முதல் தடவையாக ஒரு நாளைக்கு நான்கு முறை குத்திப் பார்க்க முடிந்தது. நோட்டு நிரம்ப ஆரம்பித்தது.

ஐந்தாவது வாரம் நோட்டைக் கொண்டுவந்தாள். வெளியே முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் கடைசி வரியை மட்டும் பார்த்தேன்.

ஞாயிறு, காலை 6.9. சாப்பாட்டுக்கு முன், 14.2.

"சாப்பாட்டுக்கு முன்னாடியே பதினாலா? காலையில என்ன சாப்பிட்டே?"

"ஒண்ணும் இல்ல. டீ. சர்க்கரை போடாம."

"குழியடுப்புல வைக்கிறப்போ தேங்காப்பால் ருசி பாத்தியா?"

"இல்லயே."

"லோசலினே, மிஷின் பொய் சொல்லாது."

இருபத்து மூன்று வருடத்தில் ஆயிரம் பேர் என்னிடம் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள், உதட்டில் ரொட்டித் தூளோடு. நான் சிவப்புப் பேனாவை எடுத்துக் குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:

'உண்பதை மறைக்கிறார். வீட்டார் கண்காணிக்கவும்.'

அடியில் கோடும் போட்டேன். நான் வாழ்க்கையில் எழுதிய வரிகளிலேயே அதிகம் படிக்கப்பட்ட வரி அதுதான். நிறைய எழுதியிருக்கிறேன், ஊரில் பத்திரிகைக்கெல்லாம் அனுப்பியிருக்கிறேன். ஒன்றும் இவ்வளவு வேலை செய்ததில்லை.

[9.4]

5

வரி வீட்டுக்குப் போனது. கிடியோனே படித்தான். ரொட்டி டப்பாவை மேல் பரணுக்கு ஏற்றினான். திட்டவில்லை. திட்டியிருந்தால் லோசலினே பதில் சொல்லியிருப்பாள். 'உன் நல்லதுக்குத்தான்' என்று முதுகைத் தட்டிவிட்டு மின்கம்பம் ஏறப் போய்விட்டான்; அவனுக்கு மின்வாரியத்தில் வேலை.

கண்காணிக்கிற பொறுப்பை எலெனோவா தானே எடுத்துக்கொண்டாள். பள்ளிவிட்டு வந்ததும் அம்மாவின் தையல் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்துவிடுவாள். லோசலினே தண்ணீர் குடிக்க எழுந்தால் இவளும் எழுவாள். ஒரு நாள் வாயை மோந்து பார்த்தாளாம்.

"என்னடி பண்றே?"

"வேதாம்மா பாக்கச் சொல்லியிருக்காங்கல்ல."

ஒரு தாய், தன் வீட்டில், தன் மகள் மூக்குக்கு எதிரே வாயைத் திறந்து காட்டினாள். அன்றைக்குச் சாயங்காலம் 13.8. இந்த எண்ணுக்கு எதிரே சாப்பாடு என்று ஒன்றுமே இல்லை. தண்ணீர்தான்.

அடுத்த ஞாயிறு ஃபதாயும் அந்த வரியைப் படித்தாள். நோட்டு அலமாரி மேல்தான் கிடந்தது. ஒளித்து வைக்கிற பொருளா அது. படித்துவிட்டு மூடினாள். அதுவரை ஆசையாக இருந்தது, அந்த நிமிடத்திலிருந்து நியாயமாகிவிட்டது. வியாழக்கிழமை ஒரு சம்மதத் தாள் வந்தது. எலெனோவாவை ஆக்லாந்தில் அத்தை வளர்ப்பதற்குத் தகப்பன் கையெழுத்துப் போட வேண்டிய தாள். அந்த வியாழன் 15.2.

6

இந்தப் பகுதியில் ஃபதாயைப் பொல்லாதவளாக எழுதியிருந்தேன். இரண்டு பக்கம். கனத்த தொண்டை, நகச்சாயம், மற்றவர் தட்டைக் கணக்குப் பார்க்கும் கண். நன்றாக வந்திருந்தது. கிழித்துவிட்டேன்.

காரணம் திங்கட்கிழமை. அன்று காலை அவளே நோட்டோடு வந்தாள். மரியாதைக்கு இங்கே கட்டும் இடுப்புப் பாயைச் சுற்றிக்கொண்டு, கோயிலுக்கு வருவதுபோல் வந்தாள். என் எதிரே உட்கார்ந்து, சிவப்பு வரிமேல் விரலை வைத்தாள்.

"இதை நாலு தடவை படிச்சேன் வேதா. நீ சும்மா எழுத மாட்டே."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"எங்கம்மாவுக்குக் கால் எடுத்தாங்க. தெரியுமில்ல உனக்கு? இல்ல, நீ அப்போ வரல இங்க. அவங்களும் இப்படித்தான், தலகாணி உறைக்குள்ள ரொட்டி வச்சுத் தின்பாங்க. எனக்குப் பதினோரு வயசு. ரெண்டு வருஷம் கட்டு மாத்துனது நான். தம்பி வெளிய பந்து வெளையாடிட்டு இருப்பான். ஆம்பளைப் புள்ளை, பொம்பளை உடம்பைத் தொடலாமா? நாத்தம் என் மூக்குலயே இருக்கு இன்னும்." குரல் மாறவே இல்லை அவளுக்கு. "எலெனோவா அந்தக் கட்டை மாத்தக் கூடாது. எனக்கு அவ்வளவுதான்."

"நிலைமை அப்படி இல்ல, ஃபதாய்."

"அப்ப எழுதிக் குடு. லோசா உடம்பு புள்ளையை வளக்கத் தாங்கும், இல்ல தாங்காது. ஒரே வரி. வர்ற ஞாயித்துக்கெழமை அதை நடுவுல வச்சுப் பேசிக்கிறோம். புதன்கெழமை நான் ப்ளேன் ஏறிடுவேன். நீ என்ன எழுதினாலும் நான் ஏத்துக்குவேன். நீ படிச்சவ, எனக்கும் அவளுக்கும் பொதுவானவ."

இவளை எப்படி நான் பொல்லாதவள் ஆக்குவது? லோசலினேக்கு அவளால் சர்க்கரை ஏறுகிறது என்று காட்டிக்கொடுக்கிற எண்களையே அவள் வாங்கிவந்த பட்டையில்தான் பார்த்தோம். அவள் அந்தப் பெட்டியைக் கொண்டுவராதிருந்தால் என்னிடம் கதையே இல்லை.

[10.3. மதியம் சாப்பிடவில்லை. எலுமிச்சைத் தண்ணீர் மட்டும்.]

7

அவள் போன பிறகுதான் நான் முதல் தடவையாக நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஒரு நர்ஸ் பதினோரு வாரம் கழித்துச் செய்ய வேண்டிய வேலையா அது என்று கேட்பீர்கள். கேளுங்கள். நானும் கேட்டுக்கொண்டேன்.

திங்கள் முதல் சனி வரை, வாயை மோந்த நாளையும் தாள் வந்த வியாழனையும் தவிர, ஏழு, எட்டு, ஏழரை. ஞாயிறு காலை ஏழு. ஞாயிறு மதியம், ஒரு வாய் உள்ளே போவதற்கு முன், பதிமூன்று, பதினான்கு, பதினான்கு. ஒரே ஒரு ஞாயிறு மட்டும் 7.6. அன்றும் அதே குழியடுப்பு, அதே சேப்பிலை, அதே தேங்காய்ப்பால்; சாப்பிட்ட பிறகும் 8.9தான். அந்த ஞாயிறு ஃபதாய் சபை மாநாட்டுக்கு வடக்குத் தீவுக்குப் போயிருந்தாள்.

அந்த வரியை விரல் வைத்து இன்னொரு தடவை படித்தேன்.

சுவரொட்டியில் இருப்பதை என் பாஷையில் சொல்கிறேன். பயம் வந்தால் உடம்பு ஓடத் தயாராகிறது. நாய் துரத்துகிறதா, நாத்தனார் வருகிறாளா என்று ஈரலுக்குத் தெரியாது. ஓடுவதற்குத் தெம்பு வேண்டுமே என்று தன் கையிருப்புச் சர்க்கரையை அவிழ்த்து இரத்தத்தில் கொட்டிவிடுகிறது. நல்ல உடம்பு என்றால் சமாளித்துக்கொள்ளும். இவள் உடம்பால் முடியாது. ஓடியிருந்தாலாவது கொஞ்சம் கரைந்திருக்கும். ஓட வேண்டியவள் பாயில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் கிழங்கு வைக்கட்டுமா அண்ணி என்று சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் எதையும் மறைக்கவில்லை. இல்லை, மறைத்தாள்தான். நான் எழுதிய பொருளை அல்ல.

8

கதையை எழுதிக்கொண்டிருக்கும்போதே கதை நடக்கிறது. இதில் உள்ள கஷ்டம் இதுதான். இன்று புதன். கிடியோனே எங்கள் நிலையத்துக்கு எதிரே கம்பத்தில் ஏறியிருந்தான். இறங்கட்டும் என்று காத்திருந்தேன்.

அவனைக் கோழை என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். இப்போது அந்த வார்த்தைமேல் பென்சிலை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"ஞாயித்துக்கெழமைன்னா ஏறுது, கிடியோனே. உங்க அக்கா வராத அன்னைக்கு ஏறல."

அவன் கையுறையைக் கழற்றினான். "அப்ப எங்க அக்காதான் சர்க்கரையா?"

"விளையாடாதே."

"விளையாடல நர்ஸம்மா. நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்க."

"அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். புள்ளையை விட மனசில்லைன்னு."

அவன் மேலே கம்பியைப் பார்த்தான். "இது பதினோராயிரம் வோல்ட். இதைத் தொடச் சொல்லுங்க, தொடுறேன். அக்கா முகத்தைப் பாத்து முடியாதுன்னு சொல்லணும்னா..." முடிக்கவில்லை. "எங்கம்மாவுக்குக் கட்டு மாத்துனது அது. நான் பந்து வெளையாடிட்டிருந்தேன். அதுகிட்ட நான் எதைத் தர மாட்டேன்னு சொல்றது?"

"அப்ப கையெழுத்துப் போட்டுட்டியா?"

"பேனா கெடைக்கல."

"என்ன?"

"அஞ்சு வாரமா தேடிட்டிருக்கேன்னு சொல்லியனுப்பியிருக்கேன். வீட்ல ஒரு பேனாவும் எழுத மாட்டேங்குது."

அவன் சட்டைப் பையில் மூன்று பேனா இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றை உருவி என்னிடம் நீட்டினான்.

"நீங்களே வச்சுக்கங்க. என்கிட்ட இருந்தா ஆபத்து."

கோழை என்ற வார்த்தையை அழித்துவிட்டேன். வேறு வார்த்தை கிடைக்கவில்லை. இடம் காலியாகவே இருக்கட்டும்.

9

திங்கட்கிழமைச் சாயங்காலத்தை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். இனி முடியாது.

ஃபதாய் காலையில் வந்துபோனது தெரிந்து, லோசலினே சாயங்காலம் வந்தாள். கடைசி ஆள் போகும்வரை வெளியிலேயே நின்றாள். உள்ளே வந்ததும் நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை.

"நான் தப்பா எழுதிட்டேன் லோசலினே. நீ ஒண்ணும் மறைக்கல. நோட்டு முழுக்கப் படிச்சேன். அடிச்சுட்டு உண்மையை எழுதிடறேன்."

"என்ன உண்மை?"

"உனக்கு ஏறுறது சாப்பாட்டால இல்ல. ஃபதாய் வர்றதால."

அவள் நோட்டின் மேல் கையை வைத்தாள். "எழுதிடாதே."

"அதுதானே உண்மை?"

"ஞாயித்துக்கெழமை பாய் நடுவுல வச்சுப் படிப்பாங்க. ஊர்ல பெரியவங்க ரெண்டு பேர் வருவாங்க. அண்ணி வந்தா எனக்கு நோய் வருதுன்னு எழுதுன காகிதத்தை அவங்க முன்னாடி படிச்சா, அண்ணி எங்க போய் முகத்தை வச்சுக்குவாங்க? என் புருஷன்? அத்தையை நோய்னு சொன்னவ மகள்னு நாளைக்கு எலெனோவாவை யாரு மதிப்பாங்க?"

"அப்ப தாங்காதுன்னு எழுதட்டுமா? புள்ளை போயிடுவா."

அவள் உட்கார்ந்தாள். நாற்காலியின் நுனியில்.

"எனக்கு என் புள்ளை வேணும் வேதா. அவ இல்லாத வீட்ல நான் மெஷினை மிதிச்சுட்டு உக்காந்திருக்க முடியாது. ஆனா அண்ணி மேல பழி விழக் கூடாது. அவங்க நல்லவங்க. கவுனைக் குடுத்தது நான். சிரிச்சது நான். என்னை யாரும் சிரிக்கச் சொல்லல." கண்ணைத் துடைக்கவில்லை அவள், அழவும் இல்லை. "எனக்கு ரெண்டும் வேணும். எப்படின்னு எனக்குத் தெரியாது. நீதானே எழுதுறவ."

அங்கேயே குத்திப் பார்த்தோம். 16.4.

நீதானே எழுதுறவ. என்னை இதுவரை யாரும் இப்படிக் கூப்பிட்டதில்லை. ஊரில் பத்திரிகைக்காரர்கள் கூட. இந்த வார்த்தையைக் கேட்க நான் எத்தனை வருடம் ஆசைப்பட்டிருப்பேன். கேட்டபோது ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது.

10

முடிவுகள். வெள்ளிக்கிழமை முழுக்க இதுதான் வேலை.

அ. உண்மையை எழுதுகிறேன். ஃபதாய் படிக்கிறாள். தட்டைத் தொடாமல் எழுந்து, இடுப்புப் பாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விடுகிறாள். குழந்தை இங்கேயே இருக்கிறது. கிடியோனே கோயிலில் கடைசி வரிசைக்கு மாறிவிடுகிறான். லோசலினேக்கு வாரத்தின் எல்லா நாளும் பதினான்கு. ஈரலுக்குப் பயமும் அவமானமும் ஒன்றுதான்.

ஆ. 'தாங்கும்' என்று மட்டும் எழுதுகிறேன். நல்ல சின்ன வார்த்தை. ஆனால் ஃபதாய்க்கு எண் படிக்கத் தெரியும். பதினான்கு வருடமாகத் தன் எண்ணைப் படிப்பவள். இத்தனை பதினான்குக்குப் பக்கத்தில் அந்த வார்த்தையைப் பார்த்ததும் நான் சிநேகிதிக்காகப் பொய் எழுதியதாகத்தான் நினைப்பாள். நியாயம்தான். அப்புறம் அந்த நோட்டில் எதை எழுதினாலும் நம்ப மாட்டாள்.

இ. இது எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. ஞாயிறு மதியம். பாயில் இருவர். ஃபதாய் திடீரென்று தன் கருவியை எடுத்து, 'நானும் பாக்குறேன்' என்று தன் விரலைக் குத்துகிறாள். அவளுக்கு 15. அவளும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. இருவரும் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்கிறார்கள். இருவருக்கும் ஒரே பயம், ஒரே பிள்ளை. யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

இதை எழுதிவிட்டு நானே கண் கலங்கினேன். அப்புறம் கோபம் வந்தது. இது நடக்கவில்லை. இதை நடக்க வைக்க என்னால் முடியாது. நான் அந்தப் பாயில் இல்லை. என் கையில் இருப்பது ஒரு கட்டம், விரல் நீளம்.

[11.9. மாத்திரை போட்டாயிற்று. என் குடும்பத்தில் யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஒரு நோட்டு மேஜைமேல் கிடக்கிறது, அவ்வளவுதான்.]

11

சனி. இரண்டு ஐம்பது.

எலெனோவா வந்துவிட்டாள். நோட்டை வாங்கிப் போக அவளைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். மஞ்சள் கவுன் போட்டிருக்கிறாள். முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது, மூன்று மாதத்தில் வளர்ந்துவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.

"வேதாம்மா."

"என்னம்மா?"

"அம்மா காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. நான் பாத்துட்டே இருந்தேன். தூங்குறப்போ கூடப் பாத்தேன். ஆனா பதினஞ்சு வந்துருச்சு."

"ம்."

"நான் சரியாப் பாக்கலையா?" காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டாள். "அதனாலதான் அத்தை என்னைக் கூட்டிட்டுப் போறாங்களா?"

நான் அவளுக்குப் பதில் சொன்னேன். இல்லையென்று சொன்னேன், மூன்று முறை சொன்னேன், தலையைத் தடவினேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. என் பேச்சைவிட என் எழுத்தை அந்த வீட்டில் அதிகம் நம்புகிறார்கள்.

ஃபதாய் ஒரு குழந்தையைத் தாயின் படுக்கையருகே காவல் நிற்பதிலிருந்து காப்பாற்றப் பார்க்கிறாள். அந்தக் காவலில் அவளை நிறுத்தியது லோசலினே அல்ல. ஃபதாயும் அல்ல. சிவப்புப் பேனா வைத்திருந்த நான்.

ஆகவே ஒன்று மட்டும் செய்துவிட்டேன். பழைய வரியை அடித்தேன். ஒரே கோடு, உள்ளே இருப்பது தெரியும்படி. பக்கத்தில் 'இது என் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு எனக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

கீழே அடுத்த கட்டம் காலியாக இருக்கிறது. ஒரு வரிக்குத்தான் இடம். உங்களுக்கு இப்போது எனக்குத் தெரிந்த எல்லாம் தெரியும். லோசலினேயின் எண்களைப் பார்த்துவிட்டீர்கள். ஃபதாய் பதினோரு வயதில் மாற்றிய கட்டு தெரியும். கிடியோனேயின் காணாமல் போன பேனாக்கள் தெரியும். அதில் ஒன்றுதான் என் கையில் இருக்கிறது, இதுவரை எதிலும் கையெழுத்துப் போடாத பேனா. பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும், அத்தையின் முகம் வாடக் கூடாது, எழுதுவது பொய்யாகவும் இருக்கக் கூடாது. நாளை மதியம் பாயின் நடுவே வைத்து உரக்கப் படிப்பார்கள். அந்தக் குழந்தையும் விசிறியோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

ஐந்து நாள் தள்ளிப்போட்டேன். இனி தள்ள முடியாது. பேனாவை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். கையெழுத்து மாறியிருப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள், வரியைத்தான் பார்ப்பார்கள்.

எலெனோவா எழுந்து மேஜை அருகே வந்து நிற்கிறாள்.

"எழுதியாச்சா?"

குறிப்பு: